ஜோர்டான், குவைத் தேர்தல்களில் கோத்திர வாக்கு: பழைய வழக்கமா, தேர்தல் சட்டத்தின் விளைவா?

நாகலூர் செல்வன்:

வணக்கம். நான் ஏற்காட்டைச் சேர்ந்தவன். சேலத்தில் அரசியல் அறிவியல் முதுகலை படித்து வருகிறேன். மேற்காசிய அரசியல் தாளுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருப்பதால், அரபு நாடுகளில் மன்னராட்சியின் கீழ் நடக்கும் தேர்தல்களைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். எதை எடுத்தாலும் "அங்கே மக்கள் கோத்திரத்தைப் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள், பாலைவனத்துப் பழக்கம் அப்படி" என்ற ஒரே விளக்கம்தான் கிடைக்கிறது. அது எனக்கு நிறைவளிக்கவில்லை.

காரணம் எங்கள் தொகுதியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சட்டமன்றத் தனித்தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டுமே. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் ஊர்க்கவுண்டரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைகிறார்கள். ஊர்க்கட்டுப்பாடும் உறவுமுறையும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆனாலும் வாக்கு எண்ணும்போது வெல்வது கட்சிச் சின்னம்தான். 2013 டிசம்பரில் இங்கே இடைத்தேர்தல் வந்தபோது அமைச்சர்கள் பட்டாளமாக வந்து முகாமிட்டது கட்சிக்காகத்தானே தவிர எந்த வம்சத்துக்காகவும் அல்ல.

ஆகவே என் கேள்வி இதுதான். குல உணர்வு இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. இங்கே அது கட்சிக்குள் அடங்கிப்போக, அங்கே மட்டும் தேர்தலையே ஆளும் சக்தியாக ஆனது எப்படி? ஆட்சியை மாற்றவே முடியாத தேர்தலில் மக்கள் எதற்காக மெனக்கெட்டு வாக்களிக்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி தமிழரசி:

தம்பி செல்வன், உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் முதல் கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடும்.

ஜோர்டானில் பிரதமரை நியமிப்பவர் மன்னர். மேலவை முழுவதும் மன்னரின் நியமனம். கீழவைக்கு மட்டுமே தேர்தல்; அதையும் மன்னர் நினைத்த நேரத்தில் கலைக்கலாம். எந்தக் கட்சி எத்தனை இடங்களைப் பெற்றாலும் அது ஆட்சி அமைக்கப்போவதில்லை என்பது வாக்காளருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்கும்போது கட்சியின் தேர்தல் அறிக்கையைப் படித்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? மகனுக்கு ராணுவத்தில் வேலை, மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம், ஊருக்குச் சாலை, தாயாரின் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவி ஆகியவற்றுக்காக அமைச்சகத்தின் கதவைத் தட்டக்கூடிய ஒருவர் அவருக்கு வேண்டும். நாளை அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் அவர் சொந்தக்காரராக இருப்பது நல்லது. ஆகவே இதை முற்றிலும் கணக்குப் போட்டு அளிக்கும் வாக்கு என்றே நான் கருதுகிறேன். இதில் பாலைவனத்துக்கு வேலையே இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 1989 ஏப்ரலில் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) நிபந்தனைப்படி விலைகள் ஏற்றப்பட்டபோது தெற்கே மஆன் நகரில் கலவரம் வெடித்தது. மஆனும் கரக்கும் அரச குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய கோத்திரங்கள் வாழும் பகுதிகள் என்பதால், அங்கிருந்தே எதிர்ப்பு கிளம்பியது அரண்மனையை உலுக்கிவிட்டது. அதைத் தணிக்க மன்னர் ஹுசைன் அதே ஆண்டு நவம்பரில், 1967க்குப் பிறகு முதல் முறையாகப் பொதுத்தேர்தல் நடத்தினார். அன்றைய முறைப்படி, தொகுதியில் எத்தனை இடங்கள் உண்டோ அத்தனை வாக்குகள் ஒவ்வொரு வாக்காளருக்கும் இருந்தன. 80 இடங்களில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு மட்டும் 22 இடங்களைப் பிடித்தது. பிற இஸ்லாமிய வேட்பாளர்களையும் சேர்த்தால் அவர்கள் பலம் 30ஐத் தாண்டியது.

இந்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஐந்து இடங்கள் உள்ள தொகுதியில் உங்களுக்கு ஐந்து வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கைச் சிற்றப்பன் மகனுக்கு அளித்து உறவைக் காப்பாற்றிவிடுவீர்கள். மீதி நான்கு? ஒன்றைப் பள்ளிவாசலில் கேட்ட பேச்சுக்காக ஒரு மதத் தலைவருக்கும், ஒன்றை நேர்மையானவர் என்று பெயரெடுத்த வழக்கறிஞருக்கும், மற்ற இரண்டை நண்பர்கள் கேட்டுக்கொண்டவர்களுக்கும் அளிப்பீர்கள். அதாவது கோத்திரக் கடமையும் அரசியல் கருத்தும் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே சீட்டில் இடம்பெறும். இஸ்லாமியவாதிகளின் வெற்றியில் பெரும்பகுதி இந்த மீதி வாக்குகளிலிருந்து வந்ததுதான்.

1993 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தைக் கலைத்த மன்னர், அவை இல்லாத காலத்திலேயே ஒரு தற்காலிகச் சட்டத்தின் மூலம் முறையை மாற்றினார். தொகுதியில் எத்தனை இடங்கள் இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு. கையில் இருப்பது ஒன்றுதான் என்றால் அது யாருக்குப் போகும்? சிற்றப்பன் மகனுக்குத்தான் போகும். நவம்பர் தேர்தலில், முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் அரசியல் கட்சியான இஸ்லாமியச் செயல் முன்னணிக்கு 16 இடங்களே கிடைத்தன. அடுத்த ஆண்டு இஸ்ரேலுடன் செய்துகொண்ட அமைதி ஒப்பந்தம் அந்த அவையில் பெரிய சிரமமில்லாமல் நிறைவேறியது. இந்தக் கால வரிசை தற்செயலானது என்று நம்புபவர்கள் மிகக் குறைவு.

இதோடு தொகுதிகளுக்கு இடம் பங்கிட்ட விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2003இல் அவை 110 இடங்கள் கொண்டதாக விரிந்தபோது, நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் வாழும் தலைநகர் அம்மான் மாநிலத்துக்குக் கிடைத்தவை 23 இடங்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லாத கரக்குக்குக் கிடைத்தவை 10. அம்மானிலும் அதன் அருகிலுள்ள சர்க்கா நகரிலும் செறிந்திருப்பவர்கள் பாலஸ்தீன வம்சாவளியினர் என்பதை நினைவில் வைத்தால், யாருடைய குரலை அடக்கி வைக்க இந்தப் பங்கீடு என்பது விளங்கும்.

உங்கள் ஏற்காட்டு ஒப்பீட்டுக்குப் பொருத்தமான இடம் ஒன்று அங்கே உண்டு. வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று 'பாதியா' (பாலைவனப் பகுதி) தொகுதிகள், தலா மூன்று இடங்களோடு, பெதூயின் எனப்படும் நாடோடி மரபுக் கோத்திரங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் வேட்பாளர் மட்டுமின்றி வாக்காளரும் சட்டம் பட்டியலிட்ட கோத்திரத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். ஏற்காட்டில் வேட்பாளர்தான் பழங்குடியினர். வாக்காளர்களில் அடிவாரத்து வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளி மக்களும் உண்டு. மேலும் இங்கே நிற்பவர்கள் எல்லோரும் பழங்குடியினர் என்பதால் குல அடையாளம் யாருக்கும் தனிச் சாதகமாவதில்லை. போட்டி கட்சிக்கு நகர்ந்துவிடுகிறது, ஏனெனில் கட்சிதான் கோட்டையில் ஆட்சி அமைக்கப்போகிறது. பாதியாவில் கட்சிக்கு அந்த மதிப்பு இல்லாததால் போட்டி கோத்திரத்திலிருந்து அதன் கிளைகளுக்கு இறங்கியது. இரண்டும் ஒதுக்கீடுதான், ஆட்சி மாறக்கூடியதா என்பதில்தான் வேறுபாடு.

கிச்சிப்பாளையம் ஜமால்:

தமிழரசி அம்மா ஜோர்டானைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது, குவைத்தில் அதே ஒற்றை வாக்கு நேர்மாறான வேலையைச் செய்தது நினைவுக்கு வந்தது. நான் ஜஹ்ராவில் ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் கணக்கராக இருந்தேன். முதலாளி பெரிய கோத்திரம் ஒன்றைச் சேர்ந்தவர். மாலையில் அவருடைய திவானியாவில், அதாவது ஆண்கள் கூடும் வரவேற்பு மண்டபத்தில், எனக்கும் ஓரமாக ஓர் இடம் இருக்கும்.

சுவரோரம் சுற்றிலும் திண்டு போட்டிருப்பார்கள். காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றும் பையன் ஒவ்வொருவர் முன்னும் நின்று, கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பான். நாடாளுமன்ற உறுப்பினர் வந்து அமர்ந்தால் அடுத்த பத்து நிமிடங்களில் மடியில் கோப்புகள் குவிந்துவிடும். ஒருவர் தகப்பனாரை லண்டனுக்கு அரசுச் செலவில் சிகிச்சைக்கு அனுப்பக் கேட்பார். இன்னொருவர் மகனின் இடமாற்றத்தைக் கேட்பார். உறுப்பினரின் செயலாளர் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வாங்கி வைப்பார். இவர்களைச் "சேவை உறுப்பினர்" என்றே பத்திரிகைகள் கேலியாகக் குறிப்பிட்டன.

இந்த ஏற்பாடு தானாக முளைத்தது அல்ல. 1963இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது நாட்டை ஆளும் அமீருக்குத் தலைவலியாக இருந்தவர்கள் நகரத்து வணிகர்களும் அரபு தேசியவாதிகளும்தான். அவர்களுக்கு எதிர் எடையாக, கோத்திரத்தார் ஆயிரக்கணக்கில் குடியுரிமை பெற்று நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டார்கள். 1976இல் கலைக்கப்பட்ட அவை 1981இல் திரும்ப வந்தபோது, 10 தொகுதிகள் 25 ஆக, தொகுதிக்கு இரண்டு இடங்களோடு, சிறிது சிறிதாக வெட்டப்பட்டிருந்தன. ஒரே கோத்திரம் ஒரு தொகுதியையே கையில் வைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

கோத்திரங்கள் தங்களுக்குள் முன்தேர்தல் ஒன்றை நடத்துவார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, எந்தக் கிளை என்று கேட்டு, பெட்டி வைத்து, வாக்கு எண்ணி, வெற்றி பெற்றவருக்கே பொதுத்தேர்தலில் எல்லோரும் வாக்களிப்பதாக வாக்குக் கொடுப்பார்கள். 1998இல் அரசு இதைச் சட்டப்படி குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் "கலந்தாலோசனை" என்ற பெயரில் நடந்துகொண்டுதான் இருந்தது. 2008இல் தடுக்கப்போன போலீசாருக்கும் கோத்திரத்தாருக்கும் மோதலே ஏற்பட்டது. சட்ட விரோதமானது என்றாலும், நான் கண்ட வரையில் ஒழுங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இளைஞர்களின் போராட்டத்தால் 2006இல் 25 தொகுதிகள் ஐந்தாகக் குறைந்தன. 2008 முதல் தொகுதிக்கு 10 இடங்கள், வாக்காளருக்கு நான்கு வாக்குகள். இங்கேதான் கணக்கு சுவையானது. பெரிய கோத்திரம் முன்தேர்தலில் நால்வரைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் அந்த நால்வருக்கே நான்கு வாக்கையும் போட்டால் நால்வரும் வென்றுவிடுவார்கள். அல்லது "என் ஆளுக்கு இரண்டு, உன் ஆளுக்கு இரண்டு" என்று வேறொரு கோத்திரத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நான்காம், ஐந்தாம் தொகுதிகளில் முதைர், அவாசிம், அஜ்மான், ரஷாய்தா ஆகியோர் இப்படித்தான் ஆண்டார்கள்.

இதற்குள் தலைமுறை மாறிவிட்டது. அரசு எடைக்கல்லாகக் கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் முடித்து, ஊழலைப் பற்றி அமைச்சர்களை அவையில் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். முதைர் கோத்திரத்து முசல்லம் அல் பர்ராக் போன்றவர்கள் எதிரணியின் முகமாக ஆனார்கள். 2012 பிப்ரவரித் தேர்தலில் 50 இடங்களில் 34 எதிரணிக்குப் போயின. அந்த அக்டோபரில் அமீர் ஆணை பிறப்பித்து நான்கு வாக்குகளை ஒன்றாக்கினார்.

பெரிய கோத்திரத்துக்கு இது பேரிடி. பத்து இடங்களுள்ள தொகுதியில் ஆளுக்கு ஒரு வாக்கு என்றால், நால்வரை ஜெயிக்க வைக்க ஆதரவாளர்களைச் சரியாக நான்கு பங்காகப் பிரித்து, இந்தக் கிளை இவருக்கு, அந்தக் கிளை அவருக்கு என்று கட்டளையிட வேண்டும். அண்ணனை விட்டுத் தூரத்துப் பங்காளிக்கு வாக்களிக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? டிசம்பர் தேர்தலை எதிரணியும் பெரிய கோத்திரங்களும் புறக்கணித்தன. வாக்குப்பதிவு சுமார் 40 விழுக்காட்டுக்கு இறங்கியது. சிறிய கோத்திரங்களுக்கும் சிறுபான்மையினரான ஷியா முஸ்லிம்களுக்கும் என்றும் இல்லாத அளவு இடங்கள் கிடைத்தன. ஷியா உறுப்பினர்கள் மட்டும் 17 பேர். அமீரை நேருக்கு நேர் விமர்சித்துப் பேசிய பர்ராக் பிறகு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை அனுபவித்தார்.

ஜோர்டானில் கட்சியை உடைக்கக் கோத்திரத்தைத் தூக்கிவிட்ட அதே ஒற்றை வாக்கு, குவைத்தில் கோத்திரத்தையே உடைக்கப் பயன்பட்டது. அந்தந்த நேரத்தில் அரண்மனைக்கு எதிரே திரண்டு நிற்பவர் யாரோ, அவரைச் சிதறடிப்பதே நோக்கம்.

ஆத்தூர் இளவழகன்:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றையும் தேர்தல் விதியின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜோர்டான் 2016இல் ஒற்றை வாக்கைக் கைவிட்டுப் பட்டியல் முறைக்கு மாறியது அல்லவா? அதற்குப் பின்னரும் 130 பேர் கொண்ட அவையில் பெரும்பாலோர் கோத்திர வேட்பாளர்களாகவே இருந்தார்கள். விதிதான் காரணம் என்றால் விதி மாறியதும் விளைவு மாறியிருக்க வேண்டும். குல உணர்வு என்ற ஒன்று சட்டத்துக்கு முன்பே அங்கே இருந்தது, சட்டத்துக்குப் பின்பும் இருக்கிறது. நம் ஊரில் வேட்பாளரை முடிவு செய்யும் முன் கட்சிகள் தொகுதியின் சாதிக் கணக்கைப் பார்க்காமலா இருக்கின்றன?

அஸ்தம்பட்டி தமிழரசி:

இளவழகன் ஐயா, குல உணர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது அரசியலில் எந்த அளவுக்குப் பாயும், எந்தத் திசையில் பாயும் என்பதை மதகு தீர்மானிக்கிறது; மேட்டூர் அணையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2016ஆம் ஆண்டைப் பற்றிய உங்கள் எடுத்துக்காட்டு நியாயமானது, ஆனால் அந்தப் பட்டியல் முறையின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். பட்டியல்கள் நாடு தழுவியவை அல்ல. அந்தந்தத் தொகுதிக்குள் மட்டுமே. பட்டியலுக்குள் யார் வெல்வது என்பதையும் வாக்காளரே பெயர் குறித்து முடிவு செய்யலாம். ஆகவே செல்வாக்குள்ள ஒருவர், தம்மோடு போட்டி போடும் வலிமையற்ற சிலரை வெறும் இட்டு நிரப்பலாகச் சேர்த்துக்கொண்டு பட்டியல் அமைத்தார்; அவர்கள் தங்கள் கிளைகளின் சில நூறு வாக்குகளைக் கொண்டு வந்து சேர்த்தார்கள்; வென்றவர் அவர் ஒருவரே. பெயருக்குத்தான் பட்டியல், நடைமுறையில் ஒற்றை வாக்கின் மறு அவதாரம் அது.

விதி உண்மையாகவே மாறியபோது என்ன நடந்தது என்பதற்கு 2024 செப்டம்பர் 10 தேர்தல் இருக்கிறது. 138 இடங்களில் 41 இடங்கள் நாடு தழுவிய கட்சிப் பட்டியலுக்கு ஒதுக்கப்பட்டன. வாக்காளருக்கு இரண்டு சீட்டுகள்: ஒன்று தம் தொகுதிக்கு, மற்றது கட்சிக்கு. இஸ்லாமியச் செயல் முன்னணி வென்ற 31 இடங்களில் 17 அந்த 41இலிருந்து வந்தவை; மீதி 97 தொகுதி இடங்களில் அதற்குக் கிடைத்தவை 14 மட்டுமே. காஸா போரின் கொந்தளிப்பும் இதில் பெரும் பங்கு வகித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொந்தளிப்பு ஏன் ஒரு சீட்டில் அவ்வளவாகவும் மற்றதில் குறைவாகவும் வெளிப்பட்டது? முதல் சீட்டில் உறவைக் காப்பாற்றிய கை, இரண்டாவது சீட்டில் கருத்தைச் சொன்னது. 1989இல் ஐந்து வாக்குகளில் நடந்ததும் இதுதான்.

சாதிக் கணக்கைப் பற்றிச் சொன்னீர்கள். இங்கே சாதியைக் கணக்கிடுவது கட்சி. அங்கே கணக்கிடுவதற்குக் கட்சி இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜோர்டானில் 1957இல் தடை செய்யப்பட்ட கட்சிகள் 1992இல்தான் மீண்டும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஒற்றை வாக்கு வந்துவிட்டது. குவைத்தில் இன்றுவரை கட்சிக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது.

கிச்சிப்பாளையம் ஜமால்:

இளவழகன் ஐயா சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். அந்த உணர்வைப் பாசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். குடியுரிமைக் கோப்பே கோத்திரத்தின் வழியாகத்தான் போகிறது. கத்தாரில் 2021 அக்டோபரில் ஷூரா அவை என்ற ஆலோசனை மன்றத்தின் 45 இடங்களில் 30க்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தபோது, 1930க்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களின் வழிவந்தவர்களுக்கே முழு உரிமை என்று சட்டம் வந்தது. அதனால் அல் முர்ரா என்ற பெரிய கோத்திரத்தில் பலர் வெளியே நிறுத்தப்பட்டு, ஆர்ப்பாட்டமும் கைதும் நடந்தன. 2024 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்தத் தேர்தலையே எடுத்துவிட்டார்கள். காரணமாகச் சொன்னது, தேர்தல் மக்களைப் பிரிக்கிறது என்பது!

குவைத்தில் 2024 மே மாதம் அமீர் மிஷ்அல் நாடாளுமன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்தி வைத்தார். மதகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தண்ணீர் சொன்னபடி கேட்கவில்லை என்றால் மூடிவிடுவதும் அவர்கள் கையில்தான்.

நாகலூர் செல்வன்:

தமிழரசி அம்மாவுக்கும் ஜமால் பாய்க்கும் இளவழகன் ஐயாவுக்கும் நன்றி. ஒற்றை வாக்கு இரு நாடுகளில் எதிரெதிராக வேலை செய்ததையே கட்டுரையின் நடுப்பகுதியாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. இன்னும் ஒரு சந்தேகம்: ஜோர்டானின் மகளிர் ஒதுக்கீட்டில் தலைநகரத்துப் பெண்களைவிடச் சிறிய ஊர்களின் கோத்திரத்துப் பெண்களே அதிகம் வந்ததாகப் படித்தேன். அதற்கும் விதிதான் காரணமா?

அஸ்தம்பட்டி தமிழரசி:

ஆம், அதுவும் கணக்குத்தான். 2003இல் 6 இடங்களோடு தொடங்கி 2013இல் 15 ஆக வளர்ந்த அந்த ஒதுக்கீட்டில், பெண் வேட்பாளர்களைத் தரவரிசைப்படுத்தியது அவர்கள் பெற்ற வாக்குகளின் எண்ணிக்கை அல்ல. தங்கள் தொகுதியில் பதிவான வாக்குகளில் அவர்கள் பெற்ற விழுக்காடு. அம்மானில் 60,000 வாக்குகள் பதிவான தொகுதியில் ஒரு பெண் 3,000 வாக்குகள் பெற்றால் அது ஐந்து விழுக்காடு. 6,000 வாக்குகள் மட்டுமே பதிவான சிறு தொகுதியில் 600 பெற்றவருக்குப் பத்து விழுக்காடு, இடம் அவருக்கே. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.)

பொது இடத்தில் வெல்லும் அளவுக்கு ஆள்பலம் இல்லாத சிறிய கோத்திரங்கள் இதை விரைவில் கண்டுகொண்டன. ஆண் ஒருவரை நிறுத்தித் தோற்பதைவிட, ஆசிரியையாகவோ மருத்துவராகவோ இருக்கும் தங்கள் வீட்டுப் பெண்ணை நிறுத்தினால் நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும். பெண்களை வேட்பாளராக எண்ணிப் பார்த்திராத பெரியவர்களே மண்டபத்தில் கூடி அவரை ஒருமனதாக முன்மொழிந்தார்கள். பெரிய கோத்திரங்களுக்கு அந்தத் தேவை இல்லாததால் அவை நெடுங்காலம் ஆண்களையே நிறுத்தின. கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். இளவழகன் ஐயாவின் கேள்வியையும் அங்கேயே எதிர்கொள்ளலாம்.